இடக்கைக் கருப்பர்

1944 டிசம்பர் 2

காலையில் வரைந்து முடித்த பெண்ணுக்குத் தொடை போதாது என்று சொல்லிவிட்டார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து இன்னும் நாலு விரற்கடை சேர்த்தேன். புதுக்கோட்டையில் நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதிய காலத்தில் சீதைக்கு முழங்கை தெரிந்தாலே முதலாளி சண்டைக்கு வருவார். இங்கே அமெரிக்கக்காரர்களுக்குத் துணி என்றாலே ஆகாது. ஒவ்வொரு குண்டு விமானத்தின் மூக்கிலும் ஒருத்தி படுத்திருக்க வேண்டும். அவளுக்கு ஒரு பேர் வேண்டும். பேருக்குக் கீழே, விமானம் ஒருமுறை போய்க் குண்டு போட்டுவிட்டு வந்தால் மஞ்சளில் ஒரு சின்னக் குண்டு. ரயிலை உடைத்தால் குட்டி எஞ்சின். பாலத்தை உடைத்தால் குட்டிப் பாலம். விமானிகளின் தோல் சட்டை முதுகில் படைச்சின்னம், காலால் குண்டைப் பற்றிய பருந்து. எல்லாம் என் கைதான். இதற்காகவே மதராசிலிருந்து என்னைப் பிடித்துவந்து வங்காளத்துச் சேற்றில் இறக்கியிருக்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை.

அண்ணியிடமிருந்து கடிதம். எழுதத் தெரிந்த யாரையோ பிடித்து எழுதியிருக்கிறாள். கேள்வி பழைய கேள்விதான். சாத்தையா அண்ணன் பர்மாவில் பெகு நகரத்து அரிசி மில்லுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மில் பெல்ட்டில் கை மாட்டி இரண்டு விரல் போயிற்று என்று எழுதினான், மேஸ்திரி ஆகிவிட்டேன் என்று எழுதினான். ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்த பிறகு ஒரு வரி இல்லை. நடந்தே ஊர் திரும்பிய கூட்டத்திலும் அவன் இல்லை. 'உங்கள் விமானம் தினமும் பர்மாவுக்குத்தானே போகிறது, அங்கே யாரையாவது கேட்கக் கூடாதா' என்கிறாள் அண்ணி. பாவம், அவளுக்கு விமானம் என்றால் பஸ்ஸைப் போல ஏதோ ஒன்று.

டிசம்பர் 5

ஹாலிஸ் என்ற விமானியின் விமானம் சக்கரம் இறங்காமல் வயிற்றால் தேய்த்துக்கொண்டு இறங்கியது. நின்ற பிறகுதான் தீப்பிடித்தது. ஹாலிஸ், டூலி என்கிற துப்பாக்கிக்காரன், இன்னும் இரண்டு பேர் குதித்துவிட்டார்கள். மூக்கில் உட்கார்ந்திருந்த பையனால் முடியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவன் இரண்டு கையாலும் தட்டுவதைப் பார்த்தோம். கிட்டே போக முடியாத அனல். அவன் தலைக்குப் பக்கத்தில் நான் வரைந்த பெண் கொப்புளித்து, உரிந்து, சுருண்டு விழுந்தாள்.

ஆம்புலன்சில் வேலை பார்க்கும் ஞானாபரணம் அண்ணாச்சிதான் கடைசியில் அவனை இழுத்தார். நாசரேத்துக்காரர், இந்தத் தளத்தில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஆள். பையனின் கையைப் பிடித்து இழுத்தபோது வெந்த கிழங்கின் தோலைப் போல உரிந்து இவர் கையோடு வந்துவிட்டது. சாயங்காலம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"போதும் அண்ணாச்சி, கை தேஞ்சிரும்."

"போவ மாட்டேங்குவே. நாத்தம் போவ மாட்டேங்கு."

டிசம்பர் 9

ஹாலிசுக்குப் புது விமானம் வந்திருக்கிறது. இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, நேற்று வரை விசில் அடித்துக்கொண்டு திரிந்தவன், இப்போது கண் சிமிட்டக்கூட மாட்டேன் என்கிறான். என்னைக் கூப்பிட்டு, இனிமேல் பெண் வேண்டாம் என்றான்.

"உங்க நாட்டுல கொல்லுற சாமி உண்டா?"

வாய் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் இருக்கும் இடக்கைக் கருப்பரைப் பற்றிச் சொன்னேன். மற்ற ஊர்க் கருப்பர்கள் எல்லாம் வலது கையில் அரிவாள் பிடிப்பார்கள், எங்களவர் இடது கையில் பிடிப்பார். அந்த மாதிரி நிற்பவர் வேறு எந்த ஊரிலும் கிடையாது. ஆடி மாதம் அவருடைய குதிரை வேட்டைக்குப் புறப்படும் அன்று பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். எங்கள் ஊரில் கதவைச் சாத்தக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகூட வெளியே வந்து குதிரைக்கு எதிரே கைகூப்பி நிற்க வேண்டும். எதிரில் நின்றவனைக் கருப்பர் தொட மாட்டார், ஒளிந்தவனைத்தான் வெட்டுவார்.

அரைகுறை இங்கிலீஷில் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஹாலிஸ் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டான்.

"ஒளிஞ்சவனை வெட்டுவாரா? அவர்தான் வேணும்."

டிசம்பர் 13

மூன்று நாள் டப்பா இறைச்சி தொடவில்லை, சாராயம் தொடவில்லை, வெறும் ரொட்டியும் டீயும்தான். சாமியை எழுதும்போது அப்படித்தான். மூக்கின் இடது பக்கம் முழுக்க வெள்ளைக் குதிரை, முன்னங்கால் தூக்கியபடி. மேலே கருப்பர், கன்னம் வரை ஏறிய மீசை, இடது கையில் ஓங்கிய அரிவாள். குதிரைக்கு ஒரு காதை மடக்கித்தான் எனக்கு எழுத வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி. "உன் குதிரைக்குச் செவிடுடா" என்று அண்ணன் கேலி செய்வான். இன்றும் மடங்கியே விழுந்துவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசியாகச் சாமியின் கண்ணைத் திறந்தேன். செம்பட்டை முடிக்கார டூலி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். கருவிழி வைத்ததும் இரண்டடி பின்னால் போனான். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. இந்தக் கையால் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது.

டிசம்பர் 21

ரயில் எஞ்சின் இரண்டு. பெட்டிகள் கணக்கில்லை. பனைமர உயரத்தில் பறந்து போய் மூக்குத் துப்பாக்கியால் சுட்டார்களாம். கொதிகலன் வெடித்து வெந்நீர் பட்டவர்கள் வயலில் ஓடி ஓடி விழுந்தார்களாம். டூலி நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

ஹாலிஸ் ஆட்கள் பருந்தை அழித்துவிட்டு முதுகில் கருப்பரைப் போடச் சொல்கிறார்கள். நாலு சட்டை முடித்தேன். மற்ற விமானக்காரர்களும் கேட்டார்கள். கருப்பருக்கு ஒரு குதிரைதான், முடியாது என்று சொல்லிவிட்டேன்.

1945 ஜனவரி 3

கருப்பர் விமானம் ஓட்டையோடு வந்தது. மூக்கில் உட்கார்ந்திருந்த புதுப் பையனுக்குத் தொண்டையில் குண்டு. அவன் ரத்தம் உள்ளேயிருந்து தகட்டு இடுக்கு வழியாகக் கசிந்து கருப்பர் மீசையில் இறங்கிக் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். குதிரைத் தொடையில் ஒட்டுத் தகடு அடித்துத் தந்தார்கள், அதன் மேல் வெள்ளை பூசினேன்.

செத்தவனைப் பற்றி யாரும் பேசவில்லை. மற்ற நாலு பேருக்கும் கீறல்கூட இல்லை, சாமி காப்பாற்றிவிட்டது என்றுதான் பேச்சு. இப்போது தளமே புறப்படும் முன் வந்து குதிரைக் குளம்பைத் தொட்டுவிட்டுப் போகிறது. அந்த இடத்தில் வெள்ளை அழுக்காகிக்கொண்டே இருக்கிறது.

ஜனவரி 9

இன்னும் ஒரு எஞ்சின். மஞ்சள் பெயின்ட் தீரப்போகிறது.

ஜனவரி 17

இன்று ஒரு ஆற்றுப் பாலம். முன்பே உடைத்ததைத்தான் ஜப்பான்காரன் கூலிகளை வைத்து மறுபடி கட்டியிருக்கிறான். பாலம் போயிற்று. ஹாலிசுக்குத் திருப்தி. டூலி மட்டும் தனியாக விமானச் சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்தான். தோல் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தான். என்ன என்று கேட்டேன்.

"முதல்ல மெதுவா ஒரு சுத்துச் சுத்திப் பாத்தோம். கீழே எல்லாரும் பதுங்குகுழிக்குள்ள இருந்தாங்க. ரெண்டாவது சுத்துல வெளியே வந்துட்டாங்க. வெளியே வந்து வரிசையா நின்னாங்க. இப்படி." இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துக் காட்டினான். "நான் அப்பவே சுட ஆரம்பிச்சிருந்தேன். நிறுத்த முடியல. இடுப்பு இடுப்பா அறுந்து விழுந்தாங்க. அப்புறம் குண்டு."

"ஜப்பான்காரங்களா?"

"இல்ல. கறுப்பா, சட்டை இல்லாம. முன்னால நின்னவன் சிரிச்சான்."

அந்த வேகத்தில் முகம் எப்படித் தெரியும்? பர்மாக்காரர்களும் கைகூப்புகிறவர்கள்தான். பெரியவர்களைக் கண்டால் மண்டியிட்டே கும்பிடுவார்கள் என்று அண்ணன் எழுதியிருக்கிறான். டூலிக்குச் சொன்னேன், பர்மாக்காரர்களாக இருக்கும் என்று. எனக்கும் இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 18

குட்டிப் பாலம் எழுதினேன். கோடு கொஞ்சம் கோணிவிட்டது.

ஜனவரி 26

மழை. வேலை இல்லை. அண்ணிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, நலம் என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 4

ஞானாபரணம் அண்ணாச்சி தேடிக்கொண்டு வந்தார்.

"ஏம்வே, பெரியாஸ்பத்திரில நம்மாளு ஒருத்தன் கெடக்கான். பர்மாவுல ஒரு கிராமத்துல நம்ம பட்டாளம் கண்டெடுத்து பிளேன்ல கொண்டாந்துருக்காவ. ரெண்டு காலும் இல்ல. தமிழத் தவுர ஒண்ணும் தெரியல. வாரும், நாலு வார்த்த பேசிட்டு வருவோம்."

போனோம். மன்னார்குடிப் பக்கத்து ஆள், பேர் வையாபுரி. முழங்காலுக்குக் கீழே கட்டுத்தான் இருந்தது. தமிழ்க் குரல் கேட்டதும் அழுதான். அப்புறம் நிறுத்தாமல் பேசினான். ஜப்பான்காரன் மில் கூலிகள் எல்லோரையும் பாலம் கட்டப் பிடித்துக்கொண்டு போனது, காலரா வந்தவர்களை உயிரோடு ஆற்றில் தள்ளியது, எல்லாம். எனக்கு அதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது. அப்புறம் பாலத்துக்கு வந்தான்.

"பிளேன் வந்துச்சு, குழிக்குள்ள விழுந்துட்டோங்க. மொத சுத்து மெதுவா தலைக்கு மேலயே போச்சு. எங்க மேஸ்திரி எட்டிப் பாத்தாரு. எங்க கருப்பருடா, இடது கையில அருவாடான்னு ஒரே கத்து. வெளிய வாங்கடா, ஒளியாதீங்க, எதுக்க நின்னா தொடமாட்டாருன்னு எல்லாரையும் கையப் புடிச்சு இழுத்தாரு. அந்தக் கூட்டத்துல முக்காவாசிப் பேரு அவரு ஊருலருந்து கூட்டியாந்த ஆளுங்க, ஓடிப் போயி நின்னுட்டாங்க. எங்க பக்கம் சாமி வந்தா கதவ சாத்திக்கிறதுதாங்க வழக்கம். மத்தவங்களும் பின்னாலயே போனாங்க, நான் மட்டும் குழியிலயே கெடந்தேன். காலு மட்டும் வெளிய கெடந்துச்சு."

அண்ணாச்சி கருப்பர் விமானத்தைத் தினமும் பார்க்கிறவர். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேஸ்திரி எப்படி இருப்பாரு?" என்று அண்ணாச்சிதான் கேட்டார். நான் கேட்கவில்லை.

"ஒல்லியா, ஒசரமா. கையில ரெண்டு வெரலு கெடையாதுங்க. மில்லுல போச்சாம்."

மில் என்று இருந்தால் விரல் போகத்தான் செய்யும். பர்மாவில் விரல் போன மேஸ்திரிகள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தண்ணீர் வேண்டுமா என்று வையாபுரியிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அவன் சொன்னதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

"தப்பு என்னுதுங்க. தப்பிச்சவங்க எல்லாம் அதத்தான் சொன்னாங்க. ஒருத்தன் ஒளிஞ்சதாலதான் சாமி வெட்டிருச்சாம். கிராமத்துல என்னயப் போட்டுட்டு, மிச்ச ஆளுங்கள மறுபடி பாலத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டான் ஜப்பான்காரன். போறப்ப பேசி வச்சுக்கிட்டுத்தான் போனாங்க. அடுத்த தடவ அந்தக் குதிரை வந்தா ஒருத்தன்கூட ஒளியறதில்லன்னு."

பிப்ரவரி 5

ஹாலிசிடம் போய் நின்றேன். படத்தை அழிக்க வேண்டும் என்றேன். ஏன் என்றான். கீழே இருப்பவர்கள் எங்கள் ஆட்கள், படத்தைப் பார்த்தால் வெளியே வந்து நிற்பார்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டான், குறை சொல்லக் கூடாது.

"பாலத்து மேல குண்டு போட்டா பக்கத்துல இருக்கிறவன் சாவான். படம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"குழியில இருந்தா பாதிப் பேராவது பொழைப்பாங்க. வெளியே நின்னா எல்லாரும் சாவாங்க."

"அந்தப் படம் வந்த பிறகு என் ஆட்கள்ல ஒருத்தன்தான் செத்திருக்கான். அதுக்கு முன்னாடி எத்தனை பேர்னு உனக்குத் தெரியும். அது போச்சுன்னா இவங்க விமானத்துல ஏற மாட்டாங்க. தொடாதே."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். மூக்குக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு எரிந்த பையன் எனக்கும் கனவில் வருகிறான். ஆனால் குழியிலிருந்து ஏறி வரும் என் ஊர்க்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? என் படத்தை நம்பிக்கொண்டு அவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 6

அந்தப் பாலத்தை மறுபடி கட்டிவிட்டானாம். நாளைக் காலை புறப்பாடு. டூலி சொன்னான், ஹாலிசிடம் நான் பேசியது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. சொல்லிவிட்டு, "விமானிகள் எல்லாம் காலையில கூட்டத்துக்குப் போயிடுவாங்க. நான் போக மாட்டேன், வயித்து வலி" என்றான்.

பிப்ரவரி 10

இடது கையால் எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல்தான் வருகிறது. ஒரு வரிக்கு ஒரு நாழிகை ஆகிறது.

அன்று விடிந்ததும் கரும்பச்சை பெயின்டும் அகலப் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போனேன். டூலி ஏணியைப் பிடித்துக்கொண்டான். கண்ணைக் கடைசியாகத் திறந்தேன் அல்லவா, அதை முதலில் மூடினேன். மன்னிச்சிரு சாமி என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் அரிவாள், கை, மீசை. குதிரைதான் பெரிய பாடு. வெள்ளை, பச்சைக்கு அடங்கவில்லை. மடங்கிய காது மட்டும் பாக்கி இருக்கும்போது ஹாலிசும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தும் அந்தக் காதை மூடிவிட்டுத்தான் பிரஷ்ஷைப் போட்டேன்.

ஏணியை உதைத்துத் தள்ளினார்கள். விழுந்த இடத்தில் மிதித்தார்கள். செத்த பையனின் கூட்டாளி ஒருவன் என் வலது கையைச் சக்கரக் கட்டையின் மேல் வைத்துப் பெரிய ஸ்பேனரால் அடித்தான். ஒரு அடி இல்லை. எலும்பு உடையும் சத்தம் எனக்கே கேட்டது. டூலி குறுக்கே விழுந்தான், அவனுக்கும் பல் போயிற்று. ஹாலிஸ் அடிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. மணியைப் பார்த்துவிட்டு, "ஏறுங்க" என்றான். உடைந்த பல்லோடு டூலியும் ஏறினான். யாரும் குளம்பைத் தொடவில்லை, தொடுவதற்குக் குளம்பு இல்லை.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது தங்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 11

டூலி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். விமானம் அன்றைக்கே திரும்பிவிட்டது, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். வாய் வீங்கியிருந்ததால் மெதுவாகப் பேசினான்.

"முதல் சுத்து, யாரும் வரல. ரெண்டாவது சுத்தும் வரல. நல்லா குனிஞ்சு பாத்தேன். குழியை விட்டு ஒரு தலைகூட வெளியே வரல."

தோல் சட்டையைப் போட்டிருந்தான். முதுகில் நான் எழுதியதைக் கத்தியால் சுரண்டியிருந்தான், தோல் கிழிந்து உள்துணி தெரிந்தது.

பிப்ரவரி 12

என்னை வையாபுரியின் வார்டிலேயே போட்டிருக்கிறார்கள், நான்கு கட்டில் தள்ளி. அண்ணாச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவனிடம் போனேன். பாலம் மறுபடி போன கதையைச் சொன்னேன். முதலில் அவன் கேட்டது, "குதிரை வந்துச்சுங்களா?"

"வரல. எல்லாரும் குழியிலயே இருந்துட்டாங்க."

"அப்ப உசுரோட இருப்பாங்களா?"

"எல்லாரும் இருப்பாங்கன்னு சொல்ல முடியாது. இருப்பாங்க. நெறையப் பேரு."

முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் அழுது முடியும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்.

"வையாபுரி, நீ ஒளிஞ்சதால யாரும் சாகல. அது சாமியே இல்ல. அமெரிக்கக்காரன் பிளேன்ல ஒருத்தன் எழுதுன வெறும் படம். எழுதுனவன் நான்தான்."

அடிப்பான் என்று நினைத்தேன், காறித் துப்புவான் என்று நினைத்தேன். அவன் என் கைக்கட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்.

"நீங்க மேஸ்திரி தம்பிங்களா?"

தலையாட்டினேன்.

"அவரு சாமின்னு மட்டும் ஓடலீங்க. குழிக்குள்ள எங்க ஆளு ஒருத்தன் புடிச்சு இழுத்தான், போவாதீங்க அது வெள்ளக்காரன் பிளேனுன்னு. அவரு சிரிச்சாரு. குதிரைக் காதப் பாருடா, மடங்கியிருக்கு, இது என் தம்பி எழுத்துடா, அவன் வந்திருக்கான்டான்னு சொல்லிக்கிட்டேதாங்க மேல ஏறுனாரு."

அண்ணாச்சி என்னைக் கட்டிலில் உட்கார வைத்தார். நான் கத்தியதாக நர்ஸ் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. அண்ணன் என்னைப் பார்க்கத்தான் வெளியே வந்தான். என்னைப் பார்த்துத்தான் சிரித்தான். இதை ஒரு தரம் எழுதிவிட்டால் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை.

அண்ணிக்குக் கடிதம் எழுத வேண்டும். நீ சொன்னபடி பர்மாவில் விசாரித்துவிட்டேன் என்று எழுத வேண்டும்.